ஏழை நாடு பணக்காரக் கிளப்பில் சேர்ந்தால்? அயர்லாந்து, கிரீஸ், போலந்து

இன்னைக்கு எபிசோடை ரெண்டு பத்திரிகைத் தலைப்புகளோட ஆரம்பிக்கிறேன்.

1988 ஜனவரி. லண்டனிலிருந்து வரும் 'தி எகானமிஸ்ட்' வார இதழ் அயர்லாந்தைப் பற்றி ஒரு நீண்ட சிறப்புப் பகுதி போட்டது. தலைப்பைத் தமிழில் சொன்னால், 'பணக்காரர்களிலேயே பரம ஏழை'. அந்த நேரத்தில் அயர்லாந்தில் வேலை தேடுபவர்களில் 17 சதவீதம் பேருக்கு வேலை இல்லை. அரசாங்கத்தின் கடன் நாட்டின் ஜிடிபியை விடப் பெரியது. படித்து முடித்த பிள்ளைகள் லண்டனுக்கும் பாஸ்டனுக்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

1997 மே. அதே இதழ், அதே நாடு. இந்த முறை தலைப்பு 'ஐரோப்பாவின் ஒளிவிளக்கு'.

நடுவில் ஒன்பதே வருஷம்.

இந்த ரெண்டு தலைப்புக்கும் முன்னாடியே, 1973-லேயே அயர்லாந்து ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர்ந்துவிட்டது. இன்றைக்கு ஐரோப்பிய ஒன்றியம்னு சொல்றோமே, அதன் பழைய வடிவம். அப்படின்னா முதல் 15 வருஷம் ஏன் ஒன்றும் நடக்கவில்லை? பிறகு ஏன் அத்தனையும் ஒரேயடியாக நடந்தது? இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 1981-ல் அதே கிளப்பில் சேர்ந்த கிரீஸுக்கு ஏன் அது நடக்கவே இல்லை?

ஏழை நாடு, பணக்கார நாடுகளோடு சேர்ந்து சுங்கவரி இல்லாமல் வியாபாரம் செய்தால், காலப்போக்கில் அவர்கள் உயரத்தை எட்டிப்பிடித்துவிடும் என்பது ஒரு நம்பிக்கை. பொருளாதாரத்தில் இதற்கு கன்வர்ஜென்ஸ் என்று பேர். ஐரோப்பாதான் இதற்கு உலகத்திலேயே பெரிய சோதனைக்கூடம்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1957 மார்ச் 25. ரோமில் ஆறு நாடுகள் ஒப்பந்தம் போடுகின்றன. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க். ஒரு வேடிக்கையான தகவல்: தலைவர்கள் கையெழுத்துப் போட்ட அந்தப் பெரிய கட்டில் முதல் பக்கத்தையும் கையெழுத்துப் பக்கத்தையும் தவிர மற்றதெல்லாம் வெற்றுத் தாள். அச்சு வேலை நேரத்துக்கு முடியவில்லை. ஒன்றும் எழுதாத பேப்பரில் கையெழுத்துப் போட்டு ஆரம்பித்த கூட்டணி இது.

அந்த ஒப்பந்தத்தின் முன்னுரையிலேயே, பகுதிகளுக்கு இடையே உள்ள ஏற்றத்தாழ்வைக் குறைப்போம் என்று ஒரு வாக்குறுதி உண்டு. இதற்குப் பின்னால் இருந்தது இத்தாலி. ஆறு பேரில் ஏழை அவர்கள்தான், அதிலும் தெற்கு இத்தாலி ரொம்பப் பின்தங்கிக் கிடந்தது. ஆனால் வாக்குறுதியை யார் நிறைவேற்றுவது? பெரும்பாலும் சந்தையே பார்த்துக்கொள்ளும் என்பதுதான் அன்றைய நினைப்பு.

அதற்குக் காரணமும் இருந்தது. முந்தைய ஆண்டுதான், 1956-ல், அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ வளர்ச்சி பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டிருந்தார். கணக்கை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்றேன். கையால் ஊசி பிடித்துத் தைக்கிற ஒரு தையல்காரருக்கு ஒரு மெஷின் வாங்கிக் கொடுங்கள். அவர் வேலை பல மடங்கு கூடும். ஏற்கெனவே பத்து மெஷின் ஓடுகிற கடைக்குப் பதினொன்றாவது மெஷின் கொடுங்கள். கூடும், ஆனால் கொஞ்சம்தான். அதனால் முதலீட்டுக்கு அதிக லாபம் ஏழை ஊரில்தான். பணம் தானாக அங்கே ஓடும், இடைவெளி குறையும்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் ரோம் ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1957-ல் ஸ்வீடனின் குன்னார் மிர்தால் ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் சொன்னது நேர் எதிர். ஜவுளிக்கடைத் தெருவை நினைத்துப் பாருங்கள். பத்து கடை இருக்கிற தெருவில்தான் பதினொன்றாவது கடையும் திறப்பார்கள். கூட்டம் அங்கேதான் இருக்கிறது, தெரிந்த தையல்காரர் அங்கேதான் இருக்கிறார், லாரி அங்கேதான் வருகிறது. வேலியை எடுத்துவிட்டால் ஏழை ஊரின் பணமும் திறமையும் பணக்கார ஊருக்குப் போய்விடும் என்றார் மிர்தால். இருக்கிற இடத்திலேயே மேலும் மேலும் சேரும்.

ரெண்டு பேருக்கும் பின்னாளில் நோபல் கிடைத்தது. யார் சொன்னது சரி?

இனி அயர்லாந்து. 1841-ல், இன்றைய அயர்லாந்துக் குடியரசு இருக்கிற நிலப்பரப்பில் வாழ்ந்தவர்கள் சுமார் 65 லட்சம் பேர். 1961-ல் அதே நிலத்தில் 28 லட்சம். பெரும் பஞ்சம், அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாக நிற்காத வெளியேற்றம். 1922-ல் சுதந்திரம் கிடைத்த பிறகும் அது நிற்கவில்லை. 1950-களில் மட்டும் சுமார் நாலு லட்சம் பேர் நாட்டை விட்டுப் போனார்கள். 30 லட்சம் பேர் கூட இல்லாத நாட்டில்!

1930-களிலிருந்து அயர்லாந்து உயரமான சுங்கவரிச் சுவர் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் நாமே செய்துகொள்வோம் என்று உட்கார்ந்திருந்தது. அந்தச் சுவரில் முதல் ஓட்டை போட்டவர் ஓர் அரசு அதிகாரி. நிதித்துறைச் செயலர் டி. கே. விட்டேக்கர். 1958-ல் 'பொருளாதார வளர்ச்சி' என்று ஓர் அறிக்கை தயாரித்தார். சாம்பல் நிற அட்டை போட்ட, பார்க்கச் சுவாரஸ்யமே இல்லாத ஒரு புத்தகம். அதன் சாரம்: இப்படியே போனால் இந்த நாடு காலியாகிவிடும், கதவைத் திறங்கள். அடுத்த ஆண்டு பிரதமரான ஷான் லெமாஸ் அதைக் கையில் எடுத்தார். 1961-ல் ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர விண்ணப்பம் போட்டார்கள். பிரிட்டனும் போட்டது. பிரான்ஸின் த கோல் 1963-ல் பிரிட்டனுக்கு முடியாது என்று சொல்ல, பிரிட்டனையே நம்பியிருந்த அயர்லாந்தின் விண்ணப்பமும் சேர்ந்தே கிடப்பில் விழுந்தது. கடைசியில் 1972 மே மாதம் பொதுவாக்கெடுப்பு. 83 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 1973 ஜனவரி 1 முதல் உறுப்பினர்.

சேர்ந்தபோது ஐரிஷ்காரர் ஒருவரின் சராசரி வருமானம் கூட்டமைப்பின் சராசரியில் சுமார் 60 சதவீதம். ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் பிரிட்டனுக்கு மட்டும். நாணயமே பிரிட்டிஷ் பவுண்டோடு ஒன்றுக்கு ஒன்று கட்டிப்போடப்பட்டிருந்தது. முதல் லாபம் விவசாயிகளுக்கு. ஐரோப்பிய விவசாயக் கொள்கை பாலுக்கும் மாட்டிறைச்சிக்கும் உயர்ந்த விலையை உறுதி செய்தது. கிராமங்களில் பணம் புரண்டது.

ஆனால் ஊரில் இருந்த தொழிற்சாலைகள்? சுவருக்குள் வளர்ந்த காலணி, துணி, கார் அசெம்பிளி எல்லாம் ஒவ்வொன்றாக விழுந்தன. கார்க் நகரத்துக்கு அடி மேல் அடி. 1983-ல் டன்லப் டயர் ஆலை மூடப்பட்டது. 1984-ல் ஃபோர்டு ஆலை. ஹென்றி ஃபோர்டின் அப்பா பிறந்தது கார்க் மாவட்டத்தில்தான். அந்தப் பாசத்தில் முதல் உலகப்போர்க் காலத்தில் வந்த ஆலை அது. பாசம் சுங்கவரி இருந்த வரைக்கும்தான். நடுவில் ரெண்டு எண்ணெய் நெருக்கடி, அதைச் சமாளிக்க அரசு வாங்கிய கடன், கடனுக்கு வட்டி. 1987 வாக்கில் கணக்குப் பார்த்தால், 60-ல் ஆரம்பித்தவர்கள் கிட்டத்தட்ட அங்கேயே நிற்கிறார்கள். மிர்தால்தான் சரி போலத் தெரிந்தது.

ஆனால் ஜிடிபி கணக்கில் தெரியாமல், அடியில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. என்னைக் கேட்டால், இந்தக் கதையின் நிஜமான மையம் இதுதான்.

1973 வரைக்கும் அயர்லாந்தில் அரசு வேலையில் இருக்கிற பெண், கல்யாணம் ஆனால் வேலையை விட வேண்டும். வழக்கம் இல்லை, விதி. கூட்டமைப்பில் சேர்ந்த அதே ஆண்டு அந்தத் தடை நீக்கப்பட்டது. அடுத்து, சம வேலைக்குச் சம சம்பளம். ரோம் ஒப்பந்தத்திலேயே அது ஒரு பிரிவாக இருந்தது. அதை வைக்கச் சொன்னது பிரான்ஸ். பெண்ணுரிமை மீது வந்த காதல் மட்டும் காரணம் இல்லை. பிரான்ஸில் அந்தச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. மற்ற நாடுகள் பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுத்துத் தன்னை விட மலிவாக விற்றுவிடுமோ என்று அதற்குப் பயம். எது எப்படியோ, விதி வந்துவிட்டது. 1976-ல் ஐரிஷ் அரசு பிரஸ்ஸல்ஸுக்குப் போய், 'எங்களிடம் இப்போது பணம் இல்லை, சம சம்பளத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்க அனுமதி கொடுங்கள்' என்று கேட்டது. அப்போது பிரஸ்ஸல்ஸில் சமூக விவகாரங்களுக்குப் பொறுப்பான ஆணையர் யார் தெரியுமா? பேட்ரிக் ஹில்லரி. அயர்லாந்து அனுப்பி வைத்த அதே அயர்லாந்துக்காரர். முடியாது என்ற பதில் அவர் பக்கத்திலிருந்துதான் வந்தது. அதே ஆண்டு கடைசியில் அவர் நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

இன்னொரு பக்கம் பள்ளிக்கூடம். 1966-ல் கல்வி அமைச்சர் டோனோ ஓமாலி, நிதித்துறையின் ஒப்புதல் வாங்காமலே, ஒரு பத்திரிகையாளர் கூட்டத்தில் எழுந்து, உயர்நிலைப் பள்ளி இனி எல்லோருக்கும் இலவசம் என்று அறிவித்துவிட்டார். சொன்ன பிறகு பின்வாங்க முடியுமா? அடுத்த ஆண்டு அமலுக்கு வந்தது. கிராமப் பிள்ளைகளுக்கு இலவச பஸ்ஸும் சேர்த்து. பிறகு ஊர் ஊராகத் தொழில்நுட்பக் கல்லூரிகள். அங்கே படித்தவர்களின் பயிற்சிச் செலவுக்கு ஐரோப்பிய சமூக நிதி கை கொடுத்தது.

இதெல்லாம் பலன் தர இருபது வருஷம் ஆகும். ஆனது.

1987-ல் ஒரு புதிய அரசு செலவைக் கடுமையாக வெட்டியது. எதிர்க்கட்சித் தலைவர் ஆலன் டியூக்ஸ் அதைத் தடுக்காமல் ஆதரித்தார். அது அவருக்கு அரசியல் லாபம் தரவில்லை என்பது வேறு கதை. தொழிற்சங்கங்கள், முதலாளிகள், அரசு மூன்றும் உட்கார்ந்து, சம்பள உயர்வை அடக்கி வைப்போம், பதிலுக்கு வரியைக் குறைப்போம் என்று ஒப்பந்தம் போட்டன. 1988-ல் ஜாக் டெலோர் தலைமையிலான ஐரோப்பிய ஆணையம், ஏழைப் பகுதிகளுக்கான நிதியை ரெண்டு மடங்காக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கியது. ரோடு, துறைமுகம், கல்லூரி எல்லாவற்றுக்கும் பணம். 1993-ல் ஒற்றைச் சந்தை முழுமையாக அமலுக்கு வந்தது. இனி டப்ளினில் செய்த பொருளை மியூனிக்கில் விற்க எல்லையில் காகிதம் காட்ட வேண்டாம்.

அமெரிக்க கம்பெனிகளுக்கு இது போதும். ஐரோப்பா முழுக்க விற்கணும், ஆங்கிலம் பேசுகிற ஊர் வேணும், வரி குறைவாக இருக்கணும், படித்த பிள்ளைகள் வேணும். அயர்லாந்தில் உற்பத்தித் தொழில்களுக்கு வரி 10 சதவீதம்தான். ஆப்பிள் 1980-லேயே கார்க்குக்கு வந்துவிட்டது. 1989-ல் இன்டெல் தன் ஐரோப்பிய ஆலைக்கு டப்ளின் பக்கத்தில் லீக்ஸ்லிப்பைத் தேர்ந்தெடுத்தது. 'உங்கள் நாட்டில் அனுபவமுள்ள சிப் பொறியாளர்களே இல்லையே' என்பது இன்டெல்லின் தயக்கம். ஐரிஷ் முதலீட்டு வாரியம் அதற்குச் செய்த வேலை அருமை. வெளிநாட்டில் வேலை பார்த்த ஐரிஷ் பொறியாளர்களைத் தேடிப் பிடித்து, 'ஊரில் நல்ல வேலை வந்தால் திரும்புவீர்களா' என்று கேட்டு, அவர்கள் பதிலை இன்டெல் முன்னால் வைத்தது. போனவர்களே துருப்புச் சீட்டு ஆனார்கள்.

1990-களின் ரெண்டாவது பாதியில் அயர்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக 8 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. செல்டிக் புலி என்று பேர் வந்தது. அந்த வளர்ச்சியைப் பிரித்துப் பார்த்தால் பெரும் பங்கு, வேலை செய்பவர்களின் எண்ணிக்கை கூடியதுதான். திரும்பி வந்தவர்கள், படித்து வெளிவந்த இளைஞர்கள், முக்கியமாகப் பெண்கள். அந்தத் திருமணத் தடை இன்னும் இருந்திருந்தால் இந்தப் புலி பூனையாகவே நின்றிருக்கும். ஐரோப்பிய நிதி உதவியா காரணம் என்று பலரும் கேட்பார்கள். உதவியது. ஆனால் வளர்ச்சியில் அதன் நேரடிப் பங்கு சிறியதுதான். ஐரோப்பா கொடுத்ததில் பணத்தை விடப் பெரியது சந்தையும் விதியும்.

சரி, கிரீஸ்.

1981 ஜனவரி 1-ல் சேர்ந்தது. ராணுவ ஆட்சி முடிந்து ஏழு வருஷம்கூட ஆகவில்லை. பிரதமராக இருந்து இதற்காகப் பாடுபட்ட கரமன்லிஸுக்கு இது ஜனநாயகத்துக்கான இன்ஷூரன்ஸ். ஆனால் அந்த ஆண்டு அக்டோபரிலேயே ஆட்சிக்கு வந்தவர் ஆண்ட்ரியாஸ் பாப்பாண்ட்ரூ, இந்தக் கூட்டமைப்பே வேண்டாம் என்று பிரசாரம் செய்தவர். வந்த பிறகு வெளியேறினாரா? இல்லை. கூடுதல் பணம் கேட்டார். 1985-ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர அவர் சம்மதம் தேவைப்பட்டது. அதை வைத்துப் பேரம் பேசி, மத்தியதரைப் பகுதிகளுக்கென்று தனி நிதித் திட்டமே வாங்கினார். சாமர்த்தியம்தான்.

கிரீஸிலும் சுவருக்குள் வளர்ந்த ஆலைகள் விழுந்தன, கார்க்கில் விழுந்த மாதிரியே. ஆனால் இங்கே அரசு அவற்றை விழ விடாமல் தாங்கிப் பிடித்தது. நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகளை ஏற்று நடத்தவே 1983-ல் ஓர் அமைப்பு வந்தது. அரசு வேலைகள் பெருகின. 1980-ல் அரசின் கடன் ஜிடிபியில் 30 சதவீதத்துக்கும் கீழ். பத்தே வருஷத்தில் அது ரெண்டு மடங்கைத் தாண்டியது. கிரீஸ்காரரின் வருமானமோ ஐரோப்பிய சராசரியோடு ஒப்பிட்டால் குறைந்துகொண்டே போனது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். கிரீஸுக்குப் பக்கத்து வீடே இல்லை. 2007-ல் பல்கேரியா சேரும் வரைக்கும், வேறு எந்த உறுப்பு நாட்டோடும் கிரீஸுக்கு நில எல்லை கிடையாது. வடக்கே கம்யூனிஸ்ட் நாடுகள், கிழக்கே பகையோடு துருக்கி. மேற்கு ஐரோப்பாவின் ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து லாரியில் அனுப்புவது என்பது அங்கே சுலபம் இல்லை. ஆனால் அயர்லாந்தும் தீவுதானே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். அதனால் தூரத்தை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது.

2001-ல் கிரீஸ் யூரோவுக்கு மாறியது. 1990-களின் தொடக்கத்தில் 20 சதவீத வட்டி பார்த்த நாட்டுக்கு, திடீரென்று கிட்டத்தட்ட ஜெர்மனிக்குக் கிடைக்கிற வட்டியில் கடன் கிடைத்தது. ஏதென்ஸுக்குப் புது மெட்ரோ, புது விமான நிலையம், 2004-ல் ஒலிம்பிக்ஸ், ரியோ–ஆன்டிரியோ கடல் பாலம். அந்த சில வருஷங்கள் புள்ளிவிவரத்தைப் பார்த்தவர்கள், 'அட, கிரீஸும் எட்டிப்பிடிக்கிறதே' என்றார்கள். ஆனால் அதில் பெரும் பகுதி கடன் வாங்கிச் செலவழித்த வளர்ச்சி. வெளியே விற்கப் புதிதாகப் பெரிய தொழில் எதுவும் வளரவில்லை.

2009 அக்டோபரில் புதிதாக வந்த அரசு கணக்குப் புத்தகத்தைத் திறந்தது. பற்றாக்குறை முன்பு சொன்னதை விடப் பல மடங்கு. அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியும். 2010, 2012, 2015 என்று மூன்று மீட்புக் கடன்கள். ஒவ்வொன்றோடும் சம்பள வெட்டு, பென்ஷன் வெட்டு. பொருளாதாரம் கால் பங்கு சுருங்கியது. 2013-ல் வேலையின்மை 27 சதவீதம். இளைஞர்களில் கிட்டத்தட்ட 60. நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். டாக்டர்கள், இன்ஜினியர்கள், நர்ஸ்கள். மிர்தால் பயந்தது இதைத்தான்.

அயர்லாந்து மட்டும் தப்பித்ததா? அதுவும் இல்லை. யூரோவின் மலிவு வட்டி அங்கே வீட்டுமனையில் போய் விழுந்தது. 2008 செப்டம்பர் கடைசியில் ஓர் இரவு, ஐரிஷ் அரசு தன் வங்கிகளின் சுமார் 44,000 கோடி யூரோ கடனுக்கு நானே பொறுப்பு என்று உத்தரவாதம் கொடுத்தது. வங்கிகளைக் காப்பாற்ற ஆன செலவு சுமார் 6,400 கோடி யூரோ. 45 லட்சம் பேர் இருக்கிற நாட்டில், கைக்குழந்தை உட்படத் தலைக்கு 14,000 யூரோ. ஊருக்கு வெளியே பாதி கட்டி விட்ட வீடுகளை 'பேய்க் குடியிருப்புகள்' என்றார்கள். 2010-ல் அயர்லாந்தும் மீட்புக் கடனுக்குக் கை நீட்டியது. வித்தியாசம் அதற்குப் பிறகுதான். அயர்லாந்தின் ஆலைகளும் மருந்து கம்பெனிகளும் அப்படியே இருந்தன, ஏற்றுமதி நிற்கவில்லை. அதனால் சீக்கிரம் எழுந்தது. கிரீஸுக்கு எழுந்து நிற்க அப்படி ஒரு பிடிமானம் இல்லை.

இங்கே அயர்லாந்தின் எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2015-ல் அயர்லாந்தின் ஜிடிபி ஒரே வருஷத்தில் 26 சதவீதம் வளர்ந்ததாக அறிவித்தார்கள். தெருவில் ஒன்றும் மாறவில்லை. சில பன்னாட்டு கம்பெனிகள் வரிக்காகத் தங்கள் காப்புரிமைகளையும் சொத்துகளையும் காகிதத்தில் அயர்லாந்துக்கு மாற்றின, அவ்வளவுதான். பால் க்ரூக்மன் இதற்கு 'லெப்ரகான் பொருளாதாரம்' என்று பேர் வைத்தார். லெப்ரகான்னா ஐரிஷ் நாட்டுப்புறக் கதைகளில் தங்கத்தை ஒளித்து வைக்கிற குட்டிச்சாத்தான். ஐரிஷ் புள்ளியியல் அலுவலகமே வெட்கப்பட்டு, இந்தக் காகிதப் பணத்தைக் கழித்துவிட்டு ஒரு புது அளவை உருவாக்கியது. அதன்படி பார்த்தால் உண்மையான வருமானம், சமீப ஆண்டுகளில் ஜிடிபியில் பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம். இன்றைக்குத் தலைக்கு ஜிடிபி கணக்கில் அயர்லாந்து ஐரோப்பிய சராசரியைப் போல ரெண்டு மடங்கு. ஆனால் ஒரு குடும்பம் நிஜமாக அனுபவிக்கிற நுகர்வை எடுத்தால் சராசரியை ஒட்டித்தான் இருக்கிறது. சராசரியை எட்டியதே பெரிய விஷயம், சந்தேகமில்லை. ஆனால் 'ஐரோப்பாவின் ரெண்டாவது பணக்கார நாடு' என்று ரீல்ஸில் வந்தால் நம்பிவிடாதீங்க.

இப்போது மூன்றாவது கட்டம். 2004 மே 1. ஒரே நாளில் பத்து நாடுகள் சேர்ந்தன. அதில் எட்டு, முன்னாள் கம்யூனிஸ்ட் நாடுகள். போலந்தின் வருமானம் அப்போது ஐரோப்பிய சராசரியில் சுமார் பாதி. 20 வருஷம் கழித்து கிட்டத்தட்ட 80 சதவீதம். லித்துவேனியா இன்னும் மேலே. 2007-ல் சேர்ந்த ருமேனியாகூட இன்றைக்கு கிரீஸைத் தாண்டிவிட்டது. 1990-ல் போலந்தும் உக்ரைனும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றன. 2022 போருக்கு முன்பே போலந்து அதைப் போல மூன்று மடங்கு.

இவர்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம், பக்கத்து வீடு ஜெர்மனி. ஃபோக்ஸ்வாகன் 1991-லேயே செக் நாட்டின் ஸ்கோடாவில் நுழைந்தது. பிறகு கார், கார் பாகம், சலவை இயந்திரம் எல்லாம் கிழக்கே நகர்ந்தன. 54 லட்சம் பேர் இருக்கிற ஸ்லோவாக்கியா வருஷத்துக்குச் சுமார் 10 லட்சம் கார் செய்கிறது. தலைக்கு எத்தனை கார் என்று பார்த்தால் உலகத்திலேயே முதலிடம். அங்கே நித்ரா ஊரில் இருக்கிற ஜாகுவார் லேண்ட் ரோவர் ஆலையின் முதலாளி நம்ம டாடா என்பது ஒரு துணைத் தகவல்.

ஆனால் பொருள் போன பாதையிலேயே மனிதர்களும் போனார்கள். 2004-ல் பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும்தான் உடனே வேலைக் கதவைத் திறந்தன. ஜெர்மனி 2011 வரை மூடியே வைத்தது. பிரிட்டன் அரசுக்காகச் செய்த ஓர் ஆய்வு, ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வருவார்கள் என்றது. எல்லா நாடுகளும் கதவைத் திறக்கும் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு அது. 2011 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலந்தில் பிறந்தவர்கள் மட்டும் 5,79,000 பேர். 2016-ல் அந்த நாடு ஓட்டுப் போட்டபோது இந்த எண் எவ்வளவு பேசப்பட்டது என்பதைத் தனி எபிசோடாகவே பேசலாம். அதே 2011-ல் அயர்லாந்திலும் கணக்கெடுப்பு. பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் ஐரிஷ் மொழி பேசுபவர்களை விட, வீட்டில் போலிஷ் பேசுபவர்கள் அதிகம். நூறு வருஷத்துக்கும் மேலாகப் பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பிய நாடு அது.

பிரான்ஸில் 2005-ல் 'போலந்து பிளம்பர்' என்று ஒரு பூச்சாண்டி உலா வந்தான். மலிவாக வேலை செய்து நம் பிழைப்பைக் கெடுக்க வருகிறான் என்று. போலந்து சுற்றுலாத் துறை கொடுத்த பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கையில் குழாயோடு ஓர் அழகான இளைஞன் படத்தைப் போட்டு, 'நான் போலந்திலேயே இருக்கேன், நீங்க கூட்டமா வாங்க' என்று விளம்பரம் செய்தார்கள்.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. லித்துவேனியா சுதந்திரம் அடைந்தபோது 37 லட்சம் பேர். இப்போது 29 லட்சத்துக்குள். பல்கேரியா 1980-களின் கடைசியில் கிட்டத்தட்ட 90 லட்சம், 2021 கணக்கெடுப்பில் 65 லட்சம். தலைக்கு வருமானம் என்பது மொத்தத்தை ஆட்களால் வகுப்பது. ஆட்கள் போனால் வகுக்கும் எண் சின்னதாகும், விடை பெரிதாகத் தெரியும். அதோடு, நாட்டுக்கு நாடு இடைவெளி குறைந்தாலும் நாட்டுக்குள்ளே இடைவெளி பெருகியது. வார்சா, பிராக், பிராட்டிஸ்லாவா தலைநகரப் பகுதிகள் ஐரோப்பிய சராசரிக்கு மேலே. போலந்தின் கிழக்கு ஓரத்துக் கிராமங்கள் வேறு உலகம். ஆக, சோலோ நாடுகளுக்கு நடுவே ஜெயிக்கிறார், மிர்தால் ஒவ்வொரு நாட்டுக்கு உள்ளேயும் ஜெயிக்கிறார். இது என்னுடைய தீர்ப்பு, நீங்கள் சண்டைக்கு வரலாம்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1990-களின் தொடக்கத்தில் ராபர்ட் பாரோவும் சவியர் சாலா இ மார்ட்டினும் பல பகுதிகளின் நீண்டகாலக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். இடைவெளி ஆண்டுக்கு ரெண்டு சதவீதம் போலக் குறைகிறது என்பது அவர்கள் கண்டது. அதாவது இடைவெளியில் பாதியைக் கடக்கவே 35 வருஷம். 25 வயதில் காத்திருக்க ஆரம்பித்தவருக்கு அப்போது 60. லித்துவேனியாவிலிருந்து டப்ளினுக்கு ரயான்ஏர் டிக்கெட் எடுத்த பெண் பொருளாதாரம் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

கதை இன்னும் முடியவில்லை. 1980-களில், ஸ்பெயின் சேருவதற்கு முன்பு, அதன் மலிவான காய்கறிகளுக்குப் பயந்து பிரெஞ்சு விவசாயிகள் ஸ்பெயின் லாரிகளை மறித்துக் கொளுத்தினார்கள். 2005-ல் பிரான்ஸ் போலந்து பிளம்பரைப் பார்த்துப் பயந்தது. 2022 ஜூனில் உக்ரைன் வேட்பாளர் நாடு ஆனது. 2023 ஏப்ரலில் உக்ரைன் தானியத்துக்குத் தடை போட்டது போலந்து. அந்த நவம்பரில் போலந்து லாரி ஓட்டுநர்கள் எல்லையை மறித்தார்கள். 2024 தொடக்கத்தில் போலந்து விவசாயிகள் உக்ரைனிலிருந்து வந்த தானியத்தைத் தண்டவாளத்தில் கொட்டினார்கள். அவர்கள் சொன்ன காரணம்: அங்கே கூலி குறைவு, நிலம் பெரிது, எங்களால் போட்டி போட முடியாது.

இருபது வருஷத்துக்கு முன்பு பாரிஸில் போலந்தைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தைகள்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.